சிஸ்டம் அண்ணா

ஒரகடம் சிப்காட்டில் கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனிகளில் எப்படியும் ஒரு ‘சிஸ்டம் அண்ணா’ இருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் ஸ்டோர்ஸ் உதவியாளர், அல்லது எலக்ட்ரீஷியன். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் எழுத்துப்பூர்வமாக எந்த உறவும் கிடையாது.

அவருக்கு சீசன் ஆயுத பூஜை. வருஷம் முழுக்க மூன்று ஷிப்டும் அணையாமல் ஓடிய லீக் டெஸ்ட் மெஷினின் கம்ப்யூட்டரை அன்றுதான் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். லீவு முடிந்து சுவிட்சைப் போட்டால் அது எழுந்திருக்காது. பூசணிக்காய் சரியாக உடையவில்லையோ என்று சூப்பர்வைசர் கவலைப்படுவார். உண்மையில் செத்திருப்பது மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி, மூன்று வோல்ட். கரண்ட் இருக்கிறவரை அது செத்தது யாருக்கும் தெரியாது. கரண்ட்டை நிறுத்தியதும் பயாஸ் தேதியை மறக்கும், ஹார்ட் டிஸ்க்கையும் மறக்கும்.

கூப்பிட்ட உடனே அண்ணா வரமாட்டார். வந்தால் மதிப்பு குறைந்துவிடும். டீயை முடித்துவிட்டு வந்து முதலில் பிளக்கைப் பார்ப்பார் (பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும், அதை வெளியே சொல்லமாட்டார்). பிறகு காதைக் கொடுப்பார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு பீப் என்றால் டிஸ்ப்ளே கார்டு. விடாமல் கத்தினால் ராம். சத்தமே இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்ப்பார். டிப்ளமோ முடித்த டிரெய்னிகள் இரண்டடி பின்வாங்குவார்கள். ஃபேன் சுற்றும்.

“மேடம், ரப்பர் இருக்கா?”

அக்கவுண்ட்ஸ் மேடத்தின் பென்சில் ரப்பரால் ராமின் தங்கநிறப் பற்களைத் தேய்த்து, வாயால் ஊதிச் சொருகுவார். வெளியே லாரி நிற்கும். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு கேட்டைத் தாண்டாது. முதலாளி போனில், “அஞ்சே நிமிஷம் சார், லோடு ஆயிட்டிருக்கு” என்று கார் ஆலைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

திரையில் விண்டோஸ் எக்ஸ்பி மலரும். “என்ன ப்ராப்ளம்ணா?” என்று கேட்டால், “லூஸ் கான்டாக்ட்.” பேட்டரி, ராம், எலி கடித்த கேபிள் எல்லாவற்றுக்கும் அவர் தரும் ஒரே சர்டிபிகேட் இதுதான். மிஞ்சிய ஒரு ஸ்குரூ சட்டைப்பைக்குள் போகும்.

பூஜைக்கு அதை அணைக்காமலே விட்டால் என்ன என்று ஒருமுறை சூப்பர்வைசர் கேட்டார். அண்ணா பதறிப்போனார். “ஆயுத பூஜை சார். தெய்வக் குத்தமாயிடும்!”

ஸ்ரீபெரும்புதூரில் 2007இலிருந்து டெல் கம்பெனி புத்தம்புதுக் கம்ப்யூட்டர்களைச் செய்து அனுப்புகிறது. பக்கத்து ஊரில் நம் மெஷினோ, மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிய எக்ஸ்பியில் ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயருக்கு ரத்தம் கொதித்தது. “இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம் சார்.”

அண்ணா கோபப்படவில்லை. உள்ளே கைவிட்டு, மெஷினோடு பேசும் அந்த நீளமான ஐஎஸ்ஏ கார்டை உருவி நீட்டினார். “வாங்குங்க தம்பி. இதைச் சொருகப் புது போர்டுல எடம் மட்டும் காட்டுங்க.”

அந்த வாரமே பர்ச்சேஸ் ஆள், பழைய போர்டு தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினார். கூடவே அண்ணாவும், ஆன் டியூட்டியில்.