துப்பத் தெரிந்த ரசிகர்

மதுவிலக்கில் அசையாத நம்பிக்கை உள்ள வாசகர்கள்கூட இவரைத் தயக்கமின்றிச் சந்திக்கலாம். ஏனெனில், ஆஸ்திரேலியாவின் சிவப்பு ஒயின்களைப் பற்றிப் பிரசங்கம் செய்வதையே ஜன்ம சாபல்யமாகக் கொண்ட இந்த ரசிகர், வாயில் ஊற்றிக்கொள்வதில் பெரும்பகுதியை வெளியே துப்பிவிடுகிற மகானுபாவர். வார நாட்களில் அடிலெய்டு நகரத்தில் பல் வைத்தியராகவோ, வரிக் கணக்கராகவோ, வீடு விற்றுக் கொடுக்கும் தரகராகவோ இருந்து ஊருக்கு உபகாரம் செய்துவிட்டு, சனிக்கிழமை காலை பத்து மணி அடித்ததும் வேறு பிறவி எடுக்கிறவர் அவர். அவரைக் குடிகாரர் என்று சொல்வது அபாண்டம். நிபுணர் என்று சொல்வது அதைவிடப் பெரிய அபாண்டம். "நான் ஒன்றும் பண்டிதன் இல்லை, ஏதோ நாக்கில் பட்டதைச் சொல்கிறேன்" என்று வெகு அடக்கமாக ஆரம்பித்து, பக்கத்தில் நிற்பவருடைய கால் மரத்துப்போகும் வரையில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடிலெய்டிலிருந்து மோட்டாரில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பரோசாப் பள்ளத்தாக்குதான் அவருடைய க்ஷேத்திரம். பிரஷ்ய அரசனுடைய மதக் கெடுபிடியைப் பொறுக்கமாட்டாமல் கப்பலேறி வந்த ஸைலீஷிய லூதரன் குடும்பங்கள் 1840-களில் குடியேறிய பிரதேசம் அது. அவர்கள் காலத்தில் நட்ட ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின் திராட்சைக் கொடிகளில் சில இன்றைக்கும் காய்க்கின்றன என்பதையும், ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்த ஃபைலாக்ஸெரா என்னும் பூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை என்பதையும், ஆகையால் பிரான்சு தேசத்துக் கொடிகளில் பெரும்பாலானவை இவற்றுக்குப் பேரன் முறை ஆகவேண்டும் என்பதையும், நம் ரசிகர் வண்டியை நிறுத்தும் இடத்திலேயே சொல்லி முடித்துவிடுவார். பூச்சி செருப்பில் ஒட்டிக்கொண்டு வரக்கூடுமாதலால் கொடி வரிசைகளுக்குள் இறங்க வேண்டாமென்று தோட்டக்காரர்கள் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குக் கைகால் முளைத்தாற்போல, புகைப்படம் எடுக்க இறங்கும் யாத்திரிகர்களின் பாதரட்சைகளைப் பரிசோதிக்கிற கைங்கரியத்தையும் அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் அதற்கு நியமிக்கவில்லை.

ஒயின் சாலைகள் ஒவ்வொன்றிலும் வருகிறவர்களுக்கு மாதிரி ஊற்றிக் கொடுக்கும் கூடம் ஒன்று உண்டு. மற்றவர்கள் மேஜையருகில் எங்கே இடம் கிடைக்குமோ அங்கே நிற்பார்கள். நம்மவர் ஜன்னலோரமாக வெளிச்சம் விழும் மூலையைப் பிடித்துக்கொள்வார். கிண்ணத்தைத் தொட்டால் கைச்சூடு மதுவுக்கு ஏறிவிடும் என்பது அவர் கட்சியாதலால், கோப்பையின் தண்டை மட்டும் இரண்டு விரல்களால் பற்றி, வெள்ளைக் காகிதம் ஒன்றின்மேல் சாய்த்து, ஓரத்தில் இளமையைக் காட்டும் ஊதா நிறம் இருக்கிறதா, வயதைக் காட்டும் செங்கல் நிறம் தட்டுகிறதா என்று ஆராய்ந்து, பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல் சுழற்றி, கண்ணை மூடி, மூக்கின் முக்கால் பாகத்தையும் உள்ளே செலுத்தி, அப்படியே சமாதியில் ஆழ்ந்துவிடுவார். அந்தச் சமயத்தில் அவரிடம் மணி கேட்கிறவன் பெரும் பாபி. சமாதி கலைந்ததும் ஒரு வாய் உறிஞ்சி, உதட்டைக் குவித்துக் காற்றை இழுத்து, களகளவென்று கொப்பளித்து, கூடத்திலுள்ள அனைவரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள் என்பது நிச்சயமான பிறகு, கீழே வைத்திருக்கும் பாத்திரத்தில் தாடையில் வழியாமல் ஒரே தாரையாகத் துப்புவார். இந்த வித்தையை அவர் வீட்டு முகம் கழுவும் தொட்டியில் பல நாள் சாதகம் செய்து கைவரப் பெற்றார் என்பது அவர் மனைவி எனக்குச் சொன்ன ரகசியம். நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் சேர்ந்துவிட்டால் அந்த நாட்டில் வண்டி ஓட்டக் கூடாது. ஆனால் வண்டி ஓட்டப்போகிறவரோ அவர் மனைவி. ஆகவே அவர் சட்டத்துக்குப் பயந்து துப்புகிறார் என்று சொல்வதற்கில்லை; சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டே துப்புகிறார்.

துப்பி முடித்ததும் சொல்மாரி தொடங்கும். "முதலில் பிளம் பழம். பின்னால் கறுப்புச் சாக்லேட். நடுவிலே சுருட்டுப் பெட்டி. அடியில், நன்றாகக் கவனியுங்கள், மழையில் நனைந்த தோல் செருப்பு!" ஊற்றிக் கொடுக்கும் பெண் காலையிலிருந்து அதே புட்டியைப் பற்றிச் செர்ரி என்றும், அத்திப்பழம் என்றும், தார் என்றும் கேட்டுக் கேட்டுப் பழகியவள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலையை அசைக்கிறாள். எல்லோருமே போகும்போது இரண்டு புட்டி வாங்கக்கூடியவர்கள் அல்லவா?

நம்மவருக்குப் பிரதேச பேதங்களும் கரதலப் பாடம். பரோசா என்றால் பிளம் பழமும் சாக்லேட்டும். சுண்ணாம்புக் கல்லின்மேல் செம்மண் படிந்த கூனவாரா என்றால் கேபர்னே சாவிஞோன் திராட்சையும் புதினாவும். சிட்னிக்கு வடக்கேயுள்ள ஹன்டர் பள்ளத்தாக்கு என்றால் வியர்வையில் ஊறிய குதிரைச் சேணம். இந்தச் சேணம் அவர் கற்பனை அன்று. பழைய ஹன்டர் ஷிராஸைப் பற்றி அந்த நாட்டு ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருமையுடன் சொல்லிவந்த லட்சணம் அது. பீப்பாய்களில் குடிபுகும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டுக்கு அந்த வாசனையில் பெரும் பங்கு உண்டென்று விஞ்ஞானிகள் சொன்னதும், ஒயின் தயாரிப்பவர்கள் பீப்பாய்களைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்கள். சேணமும் மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. "ஹன்டரின் ஆத்மாவையே கழுவி ஊற்றிவிட்டார்கள்" என்று நம் ரசிகர் அங்கலாய்க்கிறார். அவர் ஆயுளில் ஒரு நாளாவது குதிரை ஏறியதுண்டா என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

ரசனைக்கு அடுத்தபடி அவருக்கு மதிப்பெண்ணில் மோகம். ஆஸ்திரேலிய ஒயின் கண்காட்சிகளில் நெடுங்காலம் நிறத்துக்கு 3, வாசனைக்கு 7, சுவைக்கு 10 ஆக மொத்தம் 20 மதிப்பெண் என்றும், பதினெட்டரை வாங்கினால் தங்கம், 17-க்கு வெள்ளி, பதினைந்தரைக்கு வெண்கலம் என்றும் ஒரு முறை வழங்கிவந்தது. கண்காட்சிக்காரர்கள் இப்போது நூற்றுக் கணக்குக்கு மாறிவிட்ட போதிலும், இவர் மட்டும் பழைய சம்பிரதாயத்தை விடாமல் காப்பாற்றிவருகிறார். நண்பர் வீட்டு விருந்தில் நண்பர் பக்கத்தில் நிற்கும்போது பதினெட்டரை போடுகிற ஒயினுக்கு, வீடு திரும்பும் வண்டியில் உட்கார்ந்ததும் பதினாறாகக் குறைத்துவிடுவார். ஆட்டிறைச்சி வாட்டலுக்கும், மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்கும், பாதிரியாரின் பிரசங்கத்துக்கும் அதே அளவுகோல்தான்.

சரித்திரத்திலும் அவர் சளைத்தவர் அல்லர். ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்து சேகரித்த கொடித் துண்டுகளை 1832-இல் சிட்னிக்குக் கொண்டுவந்தது, அடிலெய்டுக்குப் பக்கத்து மகில் கிராமத்தில் டாக்டர் பென்ஃபோல்டு 1844-இல் தோட்டம் போட்டுத் தம் நோயாளிகளுக்கு ஒயினையே டானிக்காகக் கொடுத்தது முதலிய வைபவங்களையெல்லாம் அவர் ஒரு கையில் புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடியே விஸ்தரிப்பார். நீட்டிய கோப்பையுடன் விருந்தாளிகள் காத்து நிற்பார்கள். 1832-க்கும் 1844-க்கும் இடையில் ஒரு சொட்டும் விழாது.

இந்தப் புராணத்தின் சிகரம் மாக்ஸ் ஷூபர்ட்டின் சரித்திரம். பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் ஒயின் தயாரிப்பாளரான ஷூபர்ட், 1950-இல் பிரான்சின் போர்டோ நகரத்தைப் பார்த்துவிட்டு வந்து, பல வருஷம் கெடாமல் வளரக்கூடிய ஒரு ஷிராஸை 1951-இல் முதல்முதலாகச் செய்தார். அதற்கு 'கிரேஞ்ச்' என்று பெயர். அதைச் சுவைத்துப் பார்த்த அந்நாளைய ரசிகர்கள் கொடுத்த அபிப்பிராயங்களில் ஒன்று, காட்டுப் பழங்களோடு எறும்பை நசுக்கிப் போட்டாற்போல் இருக்கிறது என்பது. 1957-இல் நிர்வாகம் அந்த ஒயினைச் செய்யவே கூடாதென்று உத்தரவு போட்டது. ஷூபர்ட் அந்த உத்தரவைத் தலைவணங்கிப் பெற்றுக்கொண்டு, நிலவறையில் மூன்று வருஷத்து ஒயினை ரகசியமாகச் செய்து வைத்தார். பழைய புட்டிகள் முதிர்ந்து ருசி கூடியதும் 1960-இல் தடை நீங்கியது. 1955-ஆம் வருஷத்துக் கிரேஞ்ச் 1962-இல் சிட்னி கண்காட்சியில் தங்கப் பதக்கமும் வாங்கியது. 1951-ஆம் வருஷத்துப் புட்டி ஒன்று ஏலத்தில் ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போயிருக்கிறது. இந்தக் கதையிலிருந்து, ரசிகர்களின் வார்த்தையை நம்பக் கூடாது என்னும் பாடத்தை நாம் கற்றுக்கொள்வோம். நம்மவர் கற்றுக்கொண்டதோ, தமக்குப் பிடிக்காத எந்த ஒயினையும் பத்து வருஷம் பூட்டிவைக்க வேண்டும் என்பது. அவர் வீட்டு மோட்டார்க் கொட்டகையில், கோடை வெயிலில் வெந்துகொண்டு, முதிர்ச்சிக்குக் காத்திருக்கும் மலிவு ஒயின்கள் நூற்றுக் கணக்கில் அடுக்கியிருக்கின்றன. "இன்னும் வாய் திறக்கவில்லை" என்று அவற்றைப் பற்றிக் கரிசனத்தோடு சொல்வார். அவர் திறந்தால்தானே அவை திறக்கும்?

இவ்வளவையும் படித்துச் சிரித்துவிட்டு, மனிதர் சொல்லுவதெல்லாம் வெறும் பாசாங்கு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா என்றால், அதற்கும் இடமில்லை. ஷிராஸில் மிளகு வாசனை அடிக்கிறதென்று அவர் சொன்னபோது நானும் சிரித்தவர்களில் ஒருவன்தான். ஆனால் மிளகுக்கு மணம் கொடுக்கிற ரோட்டண்டோன் என்ற வஸ்துவே அந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறதென்று அடிலெய்டிலுள்ள ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் பதினாறு பங்கை ஒரு லிட்டர் ஒயினில் கலந்தால் போதும், சாதாரண மூக்குக்கு எட்டிவிடுமாம். கூனவாராவின் புதினா வாசனையும் அப்படித்தான். தோட்டத்தோரத்து யூகலிப்டஸ் மரங்களின் இலையும் எண்ணெயும் திராட்சையோடு சேர்ந்து வருவதால் உண்டாவது அது. அந்த மரங்களின் சுற்றத்தார்தான் கடல் கடந்து வந்து நம் நீலகிரியில் தைலமாகக் காய்கிறார்கள். வனிலா வாசனையோ ஓக் மரப் பீப்பாயின் உபயம். நாம் கேட்டுச் சிரிக்கிற வார்த்தைகள்தான் பெரும்பாலும் உண்மையாக இருக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆராய்ச்சிக்குச் சுவை பார்த்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, அந்த வஸ்துவை எவ்வளவு கூட்டினாலும் மிளகு வாசனை தட்டவே இல்லை. நம் ரசிகரின் மனைவி அந்த வகையைச் சேர்ந்தவர் என்று தோன்றுகிறது. "எனக்கு மிளகு தெரியவில்லை" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "நாக்குக்குப் பயிற்சி போதாது" என்று கணவர் இரக்கத்துடன் பதில் சொல்லுகிறார். போர்டோ சர்வகலாசாலையில் பிரெடெரிக் புரோஷே என்பவர், ஒயின் சாஸ்திரம் பயிலும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுக்க, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளையே எழுதிக் கொடுத்தார்கள் என்ற ஆராய்ச்சி 2001-இல் அச்சேறியது. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் நம்மவருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிடும்.

ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் நடப்பது 'ஆப்ஷன்ஸ்' என்னும் விளையாட்டு. வேல்ஸ் வம்சத்தவரும் ஹன்டர் பள்ளத்தாக்கின் பெரும் ஒயின் பிரசாரகருமான லென் எவன்ஸ் ஏற்படுத்தியது அது. புட்டியைக் காகிதப் பையில் மறைத்து ஊற்றிவிட்டு, "ஷிராஸா, கேபர்னேயா?", "பத்து வயதுக்கு மேலா, கீழா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி வரும், தப்பாகச் சொன்னவர் விலகிக்கொள்ள வேண்டும். விருந்தினர் எல்லாரும் கோப்பையை முகர்ந்து புருவத்தை நெரித்துக்கொண்டிருக்க, அவர் மனைவி மட்டும் கேள்வி கேட்கும் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். விலை உயர்ந்த விடையைச் சொல்லும்போது இவர் குரல் சற்றே கனப்பதை அந்த அம்மாள் எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். ஜயித்ததும் அந்த அம்மாள் சொல்லும் விமர்சனம் ஒன்றே ஒன்று: "நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்." ராகத்தின் பெயரைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் பாட்டைக் கேட்க மறந்துபோகிற சபா ரசிகரைப்போல, விசேஷணங்களைத் தேடித் தேடியே கணவர் தம் பங்கைத் துப்பித் தீர்க்கிறார், மனைவி குடித்துவிடுகிறார்.

ஆகையால், இவரைச் சந்திக்க நேரும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அவர் மிளகு என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். அது மெய்யாகவே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாவிட்டால், ஐந்தில் ஒருவர் என்று சமாதானம் செய்துகொள்ளுங்கள். சேணம் என்றால் மரியாதையாகத் தலையை அசையுங்கள். குடிக்கும் வழக்கமில்லாதவர்கள் கதையைக் கேட்டுவிட்டு வந்தாலே போதும், நஷ்டமில்லை. குடிக்கிறவர்களோ, புட்டி பிடித்திருந்தால் அந்த அம்மாளைப்போல் இன்னொரு கோப்பை கேளுங்கள். கொடி வளர்த்துப் பிழிந்தவனுக்கு அதைவிட உயர்ந்த நற்சாட்சிப் பத்திரம் கிடையாது.