அவரைத் தவிர எல்லாரிடமும் கேட்டாயிற்று

திருச்சி தென்னூர் ஹைரோட்டிலிருந்து தில்லைநகர் கிராஸ்களுக்குள் நுழைந்தால், உடம்பில் இத்தனை பாகங்களா என்று மலைக்கும் அளவுக்குப் போர்டுகள். தலைக்கு ஒருவர், தண்டுவடத்துக்கு ஒருவர், கிட்னிக்கு மூன்று பேர். பெரம்பலூர், அரியலூர், துறையூர், புதுக்கோட்டை என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஃபைலையும் ஒயர் கூடையையும் தூக்கிக்கொண்டு இங்கேதான் வந்து இறங்குகிறது. கூட வந்தவர்களுக்கு மெஸ் உண்டு, லாட்ஜ் உண்டு, நகையை வைத்துப் பணம் வாங்க நாலு எட்டில் அடகுக்கடை உண்டு. இல்லாத வசதி ஒன்றே ஒன்று. படுத்திருக்கிறவரிடம் "உங்களுக்கு என்ன பண்ணணும்யா?" என்று கேட்க ஓர் ஆள்.

மண்ணச்சநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நுரையீரலில் தொடங்கியது ஈரல் வரை போய்விட்டது. வீல்சேரில் உட்கார்ந்திருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. சட்டைப் பையில் கண்ணாடியும் இங்க் பேனாவும் இருக்கின்றன. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் டி.சி.யிலும் கையெழுத்துப் போட்ட கை. கவுண்டரில் இருக்கிற பெண் அவர் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்: "பேஷன்ட்டோட அட்டெண்டர் யாருங்க?" மகன் முன்னால் வருகிறான். இங்கிலீஷில் அச்சடித்த தாள்கள். "இங்க ஒரு சைன் சார். இங்க. பின்னாடி ஒண்ணு. தேதி நாங்க போட்டுக்கிறோம்." எதற்குச் சம்மதம் என்று மகன் கேட்கவில்லை. கேட்டால் பின்னால் நிற்கிற வரிசை முறைக்கும்.

இது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியிலேயே சொல்லியாயிற்று. சமீரா கோலி வழக்கு. டெல்லியில் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த பெண்ணின் கருப்பையை, வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். உயிர் போகும் அவசரம் எதுவும் இல்லாதபோது மயக்கம் தெளியும் வரை காத்திருந்து அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும், பெற்ற தாயின் சம்மதம்கூடப் போதாது என்றது நீதிமன்றம். என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, வேண்டாம் என்றால் என்ன ஆகும், இத்தனையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றும் எழுதியது. நஷ்டஈடு 25,000 ரூபாய். 1995-ல் எடுத்த கருப்பைக்கு 2008-ல் கிடைத்த விலை. இந்தத் தீர்ப்பிலிருந்து நம் ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொண்ட பாடம், படிவத்தில் இன்னும் இரண்டு பக்கம் சேர்ப்பது.

ஆஸ்பத்திரியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் குடும்பங்களுக்குக் குளிர்ந்துவிடும். ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை விஸ்வரூப தரிசனத்திலிருந்து இரவு நடை சாத்தும் வரை மோட்சத்தைப் பற்றியே பேசுகிற ஊர். மார்கழியில் பரமபதவாசலைத் தாண்ட ஊரே முண்டியடிக்கும். அந்த ஊர் உத்தர வீதியிலும் பயாப்சி ரிசல்ட் வந்த நாளில் கேட்கும் குரல் இதுதான்: "அப்பாட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ டாக்டர், தாங்க மாட்டார்." டாக்டருக்கும் சௌகரியம். ஐந்து நிமிடம் மிச்சம். அப்பாவிடம் வாயுத் தொல்லை என்று சொல்லிப் புற்றுநோய் மருத்துவமனை என்று ஆளுயர எழுத்தில் போர்டு வைத்த கட்டிடத்துக்குள் கூட்டிப் போவார்கள். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று நினைப்பு. அவரும் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று தெரியாத மாதிரியே இருந்துவிடுவார். இருக்கிற நாலு மாதத்தை இப்படி ஆளுக்கு ஆள் நடித்தே தீர்த்துவிட்டு, பதிமூன்றாம் நாள், "ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரே" என்று அழுகை.

இப்போது நம் தலைமையாசிரியர் ஐ.சி.யூ.வில் இருக்கிறார். வாசலில் பொதுக்குழு கூடியிருக்கிறது. "24 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்" என்ற தகவல் தினமும் காலையில் புதிதாக வருகிறது. பெரிய மகன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சின்னவன் பணத்துக்கு அலைகிறான். டல்லஸ் மாப்பிள்ளை வாட்ஸாப்பில், "பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க மச்சான், என்னென்ன உண்டோ எல்லாம் பண்ணச் சொல்லுங்க" என்கிறார். அனுப்பியது என்னவோ ஒரு கும்பிடு எமோஜி. சித்தப்பா மகன், "வென்டிலேட்டர்லேர்ந்து எடுத்தா ஊர்ல என்ன பேசுவாங்க?" என்கிறார். ஊருக்கும் ஓட்டு உண்டு.

உள்ளே இருப்பவரும் தன் கருத்தைச் சொல்லாமல் இல்லை. தொண்டைக்குள் குழாய் போனதால் வாயால் சொல்ல முடியவில்லை. கையால் சொன்னார். இரண்டு தடவை குழாயைப் பிடித்து இழுத்தார். அதற்கான பதிலும் உடனே கிடைத்தது. இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். "ட்யூபைப் பிடுங்குறார் சார், அதான்." மயக்கத்தில் இழுத்தாரா, மனதறிந்து இழுத்தாரா? அட்மிஷன் அன்றைக்கு அந்த இங்க் பேனாவை அவர் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

விருதுநகர்ப் பக்கம் படுக்கையில் கிடக்கிற கிழடுகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றி முடித்துவைக்கும் தலைக்கூத்தல் 2010 வாக்கில் செய்தியானபோது நாம் எல்லாரும் பதறினோம். காட்டுமிராண்டிகள் என்றோம். பதற வேண்டியதுதான், அது கொலை. அங்கே போகாதவரைத் தள்ளிவிடுகிறார்கள், இங்கே போகிறவரைக் கட்டிப்போடுகிறோம். அவரிடம் கேட்கக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இப்படிக் கட்டிப்போட்டு வைக்கவும் பணம் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஓர் அதிசயம் கவனித்திருப்பீர்கள். அட்டையோ, நகையோ, நிலமோ, எது தீர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவ அறிவியலும் தீர்ந்துவிடுகிறது. நேற்று வரை 24 மணி நேரம் கேட்டவர் இன்று, "சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லி விட்ருங்க" என்கிறார். பேசத் தெரிந்த டாக்டர்கள் இல்லாமல் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பக்குவமாகச் சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த அரை மணி நேரத்துக்கு எந்தத் தலைப்பில் பில் போடுவது என்பதுதான் நிர்வாகத்தின் கவலை.

சட்டம் இல்லையா என்றால், மூட்டை மூட்டையாக இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கௌரவமாகச் சாவதும் உரிமை என்றது. எனக்கு இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று வைத்தார்கள். அது நடக்கிற காரியமாக இல்லை என்று 2023 ஜனவரியில் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர், அவ்வளவுதான். அப்படி எழுதிவைத்தவரை அதை மீறி ஐ.சி.யூ.வில் சேர்க்க வேண்டாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது. எழுதிய தாளின் நகலை வாங்கிப் பத்திரமாக வைக்க மாநகராட்சியோ பஞ்சாயத்தோ ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்பதும் தீர்ப்பிலேயே இருக்கிறது. கர்நாடகம் 2025 ஜனவரியில் இதற்கெல்லாம் தனி உத்தரவே போட்டது. நம் ஊரில் அந்த அலுவலர் எந்த மேசையில் இருக்கிறார் என்று மாநகராட்சிக்குப் போய் விசாரித்துப் பாருங்கள். இறப்புச் சான்றிதழ் வரிசையைக் காட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் முன்கூட்டி வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இரண்டு சென்ட் மனைக்கு முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், மூலப்பத்திரம் கேட்கிறோம், நாலு எல்லையையும் வக்கீலிடம் காட்டுகிறோம். சொந்த உடம்பை மட்டும் வாய்மொழியாகவே விட்டுவைக்கிறோம். ஓயாமரியா கொள்ளிடக்கரையா என்று தகனத்துக்கு இடம் சொல்லி வைக்கிற மனுஷன், அதற்கு முந்தைய பத்து நாளைப் பற்றிப் பேச்செடுத்தால், "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு" என்று எழுந்து போகிறார்.

வலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் 1993-லேயே வலி தணிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாக்கியது, பஞ்சாயத்து வரை போனது. மார்பின் என்ற விலை குறைந்த மாத்திரை புற்றுநோய் வலியை அடக்கும். அதை வைத்திருப்பதற்கான கெடுபிடிகளை நாடாளுமன்றம் 2014-லேயே சட்டம் திருத்தித் தளர்த்தியாயிற்று. நம் அரசின் மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீடு தேடி வரும் வலி தணிப்புச் சேவை சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகும்போது யாராவது உங்களிடம் சொன்னார்களா? டாஸ்மாக் எங்கே இருக்கிறது என்று பச்சைப் பிள்ளை வழி சொல்கிற ஊரில், வலி மாத்திரை எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஒரு சீட்டு அடிக்க முடியவில்லை.

கடைசிக் காட்சிக்கு வருவோம். இனி ஒன்றும் இல்லை என்று முடிவானால் சிகிச்சையை எப்படி நிறுத்துவது என்றும் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. சிகிச்சை தரும் டாக்டரோடு அனுபவமுள்ள இருவர் கொண்ட முதல் குழு. அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து வரும் ஒருவரையும் சேர்த்து மூவர் கொண்ட இரண்டாம் குழு. ஆக ஆறு டாக்டர்கள். நடப்பது என்ன? காரிடாரில் மெதுவாக, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறது நல்லது" என்பார்கள். உடனே ஒரு தாள் நீட்டுவார்கள். மருத்துவ ஆலோசனையை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று அதில் இருக்கும். ஆலோசனை சொன்ன வாய் இன்னும் மூடியிருக்காது. மகன் அதிலும் கையெழுத்துப் போடுவான்.

வண்டி கிளம்பும். தொண்டைக் குழாயில் ஆம்பு பையை மாட்டி, ஒரு பையன் வழி முழுக்க அமுக்கிக்கொண்டே வருவான். வாசலில் இறக்கிக் கட்டிலில் கிடத்தியதும் டிரைவர் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "எல்லாரும் பாத்துட்டீங்களாண்ணே, எடுத்திரலாமா?" என்பார். ஆறு டாக்டர் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய முடிவு அது. அதற்கு அவர் வாங்குவது கிலோமீட்டர் கணக்கு. வெயிட்டிங் சார்ஜ் தனி.