டெல்டா-டி அண்ணன்

எந்த ஆராய்ச்சி விடுதியிலும் ஒரு ‘டெல்டா-டி அண்ணன்’ இருப்பார். வயது முப்பதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்கக் கூடாது. தண்ணீரும் காற்றும் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. கணக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் முன்னே நகர்கிறதோ அதுதான் டைம் ஸ்டெப்; ஏட்டில் அதன் பெயர் டெல்டா-டி. பல கணினிகளைக் கோத்த கிளஸ்டரில் அவர் கணக்கு, அதாவது ஜாப், ஓடும் நாட்களில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தவர் போலவே பேசுவார். பாதி வாக்கியத்தில் போனை எடுத்து, கணக்கு எதுவரை வந்தது என்று காட்டும் லாக் பார்ப்பார். முகம் தெளிந்தால்தான் மீதி வாக்கியம் வரும்.

நான் அவரிடம் மாட்டியது ‘டேம் பிரேக்’ விஷயத்தில். ஓப்பன்ஃபோம் மென்பொருளோடு வரும் பாலபாடம் அது. சுமார் 292 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர்ச் சுவர் சரிந்து ஒரு சின்னத் தடுப்பில் மோதும்; கதை மொத்தமே ஒரு விநாடி. லேப்டாப்பிலேயே டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அண்ணன் அதை முப்பரிமாணமாக்கி, 80 லட்சம் கட்டங்களாக நறுக்கி, கிளஸ்டரில் 96 கோர் வாங்கி ஏற்றியிருந்தார்.

“டைம் ஸ்டெப் எவ்வளவுண்ணா வைக்கணும்?” என்றேன்.

அறைக் கதவைச் சாத்தினார். “நாம வைக்கவே கூடாது தம்பி. அதுவா வெச்சுக்கணும்.”

கணக்கு எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் கன்ட்ரோல்டிக்ட் கோப்பு திறந்தது. ‘அட்ஜஸ்ட் டைம்ஸ்டெப்’ எதிரே ‘எஸ்’. அதன் கீழே ‘மேக்ஸ்கோ 0.5’. “கோ-ன்னா கூரன்ட் நம்பர். கம்ப்யூட்டரே இல்லாத 1928-ல கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவின்னு மூணு பேர் போட்ட விதை. ஒரு ஸ்டெப்புல தண்ணி போற தூரத்தைக் கட்டத்தோட அகலத்தால வகு. ஒண்ணைத் தாண்டிச்சுன்னா பால் பொங்கிடுச்சுன்னு வெச்சுக்கோ. கட்டத்தைப் பாதியாக்கினா கட்டம் எட்டு மடங்கு, ஸ்டெப்பு ரெண்டு மடங்கு. ஆக வேலை பதினாறு மடங்கு.”

“அப்ப ‘எஸ்’ போட்டுட்டுத் தூங்கலாம்?”

அண்ணன் சிரித்தார். நான் பார்த்தவரை அந்த ஒருமுறைதான்.

80 லட்சம் கட்டங்களும் ஒரே ஸ்டெப்பில்தான் நகர வேண்டும். தண்ணீர்ப் பரப்பின் ஓரம் ஏதோ ஒரு கட்டத்தில் காற்று மாட்டிக்கொண்டு தலைதெறிக்க ஓடினால் போதும், மொத்தக் கணக்கும் ஊர ஆரம்பித்துவிடும். கல்யாண வேனில் ஒரு சித்தப்பா பீடா வாங்க இறங்கினால் மாப்பிள்ளையும் சேர்ந்துதானே காத்திருக்க வேண்டும்? சித்தப்பா திரும்பியதும் வேகம் பிடிக்குமா என்றால், அதுவும் இல்லை. ஸ்டெப்பைக் குறைப்பதென்றால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கூட்டுவதென்றால் ஒரு தடவைக்கு 20 சதவீதத்துக்கு மேல் பேச்சே கிடையாது. எங்கள் மெஸ் கான்ட்ராக்டர் பருப்புக்கு வைத்திருக்கும் அதே விதி.

இதோடு விட்டிருந்தால் அண்ணனும் தூங்கியிருப்பார். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைத் திருத்தலாம் என்றொரு வசதி வைத்துவிட்டார்கள். சமையலுக்கு ஆள் வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உப்புப் பார்க்கப் போகிறவர் அண்ணன். இரவு இரண்டு மணிக்கு, “ரொம்ப மெதுவாப் போகுதே” என்று 0.5-ஐ 0.9 ஆக்கினார். இரண்டே காலுக்கு லாக்கைப் பார்த்து வியர்த்து 0.4 ஆக்கினார். மூன்று மணிக்கு மனசு கேட்காமல் 0.45. தானாக மாறுவது டைம் ஸ்டெப்பா, அண்ணனா என்று எனக்கே குழம்பிவிட்டது.

காலையில் ஊரிலிருந்து அண்ணனுக்கு அம்மா போன். “எப்பப்பா முடியும்?”

“ஓட ஓடத்தாம்மா தெரியும்.”

அம்மா கேட்டது பிஎச்.டி.யைப் பற்றி. அண்ணன் கண் லாக்கில் இருந்தது.

ஜாப்புக்கு 48 மணி நேரம் கெடு. அதைத் தாண்டினால், கிளஸ்டரில் வரிசையைக் கவனிக்கும் ஸ்லர்ம் தயவு தாட்சண்யம் இல்லாமல் இழுத்து வெளியே போட்டுவிடும். தண்ணீர்க் கதையின் 0.1 விநாடிக்கு ஒருமுறை முடிவைச் சேமிக்கச் சொல்லியிருந்தார் அண்ணன். 0.3-ல் சேமித்தாயிற்று, அடுத்தது 0.4-ல். கெடு முடிந்தபோது தண்ணீர் அந்தரத்தில் நின்றது 0.397-ல். அரை நாள் உழைப்பு போயே போச்சு.

ஆறுதல் சொல்லலாமென்று அறைக்குப் போனேன். மறுபடி ஜாப் போட்டுவிட்டுக் கியூவில் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஸ்டெப்பெல்லாம் கரெக்ட்டாத்தான் போச்சு தம்பி,” என்றார். “டைம்தான் பத்தல.”