வெற்றிடக் காப்பியியல்: ஜவ்வாது மலைப் பரபக்கமும் சுபக்கமும்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், அடுப்பில் வைத்த இரட்டைக் கண்ணாடிக் குடுவையில் வெந்நீர் தானே மேலேறி, காப்பியாகித் தானே கீழிறங்கும் செயலை ஜவ்வாது மலையின் உயரத்தில் வைத்து ஆராய்தல் நுதலிற்று. தமிழகத்துக்குக் காப்பி வந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் எழுதிவிட்டார். வந்த காப்பி குடுவைக்குள் ஏறி இறங்கிய கதை எழுதப்படாமலே கிடக்கிறது. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆய்வுலகில் அதையெல்லாம் ஒரு தடையாகக் கொள்வதில்லை.

கருவியின் இலக்கணம் வருமாறு. கீழே உருண்டைக் குடுவை. மேலே, அடியில் நீண்ட குழாய் உள்ள கிண்ணம். இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் குக்கர் காஸ்கெட்டுக்குப் பங்காளி முறை. கிண்ணத்தின் அடியில் துணி வடிகட்டி. கீழே நீர் சூடாகும்போது அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து நீரைக் குழாய் வழியே மேலே தள்ளும். அங்கே பொடியோடு ஒரு நிமிடம் ஊறும். அடுப்பை அணைத்தால் கீழே உள்ள ஆவி குளிர்ந்து நீராகும், அழுத்தம் குறையும். உடனே வெளியில் சும்மா நின்றிருந்த வளிமண்டலம் உள்ளே புகப் பார்த்து, வழியில் கிடக்கும் காப்பியைத் துணி வழியே கீழே அழுத்தும். அரை டம்ளர் காப்பிக்காகப் பூமியின் காற்று மண்டலத்தையே வேலை வாங்கும் வேறு சமையல் பாத்திரம் யாம் அறிந்தவரை இல்லை. பெர்லினில் 1830களிலேயே இதைச் செய்தார்கள். 1840களில் லியோன் நகரத்து மேடம் வாசியூ காப்புரிமை பெற்றார். இன்று இதைப் பெரிதும் போற்றுவது ஜப்பான். அங்குள்ள சில கடைகளில் ஹாலோஜன் விளக்கின் வெளிச்சத்தாலேயே குடுவையைச் சூடாக்குகிறார்கள். இம்மலையில் வானாய்வகம் உள்ள காவலூர் அருகே இரவில் அதைச் செய்தால் வானியலாளர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இனிப் பரபக்கம். மாற்றார் கூற்று: மலைமேல் காற்று மெலிந்தது, மெலிந்த காற்றுக்குக் காப்பியை அழுத்தும் வலு ஏது? இதை மறுக்க அடிவாரத்து ஆலங்காயத்திலிருந்து மேலேறினாலே போதும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகைக்குப் பதிலாக 97½ பாகையிலேயே கொதித்துவிடும். ஆனால் நீரை 15 சென்டிமீட்டர் மேலேற்ற வளியழுத்தத்தில் 100இல் 1½ பங்கு கூடுதலாக இருந்தால் போதும். வெளிக்காற்று மெலிந்திருந்தால் அதை எதிர்த்து மேலேறுவது நீருக்கு எளிதே அன்றிக் கடினம் இல்லை. இறங்கவும் அதே சிறு வேறுபாடு போதும். தூளோடு கலக்கும்போது நீரின் சூடு 90ஐ ஒட்டியே இருப்பதால் சுவைக்கும் பழுதில்லை. ஆகவே மலையின் மீது சுமத்திய பழி நீங்கிற்று என்க.

மேலும், வெற்றிடம் இம்மலைக்குப் புதிதன்று. 1986இல் காவலூரில் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்கு அலுமினியம் பூச, பெரிய கலத்தில் அதை வைத்துக் காற்றை வெளியேற்றுகிறார்கள். பூச்சின் தடிமன் மயிரிழையில் நூற்றில் ஒரு பங்கும் வராது. விண்மீனைப் பார்க்க ஒரு வெற்றிடம் ஆகுமெனில், விடியும்வரை விழித்திருக்க மற்றொன்று ஆகாதா என்பது எம் வினா. அங்குள்ளோர் எதைக் குடிக்கிறார்கள் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

எம் தரப்பாகிய சுபக்கத்தில்தான் சிக்கல். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் அத்தை வீட்டில் கேஸ் அடுப்பின் மேல் கம்பி வலை போட்டுக் குடுவையை ஏற்றினோம். முதலில் கடையில் ஃபில்டருக்கென்று நைசாக அரைத்துக் கொடுத்த சிக்கரி கலந்த பொடி. மேலேறிய நீர் இறங்க மறுத்தது; பொடி துணியை அடைத்துக்கொண்டது. மலைக்காற்றும் அதன் மேல் கிடந்த ஆகாயமும் சேர்ந்து அழுத்தியும் பயனில்லை. கொரகொரப்பாக அரைத்த சுத்தக் காப்பிப் பொடியைப் போட்டதும் கலங்கலே இல்லாத, தெளிந்த, மணமுள்ள காப்பி சலசலவென்று இறங்கிற்று. மேல் கிண்ணத்தில் சக்கை சிறு குன்றாகக் குவிந்து நின்றது. இது வெற்றியின் அடையாளம் என்பர் இத்துறையோர்.

அத்தை பால் ஊற்றினார். காப்பி காணாமல் போயிற்று.

பித்தளை ஃபில்டரின் மேன்மை இங்கே புலனாகிறது. அது கொஞ்சம் நீரை நிறையப் பொடியின் மேல் விட்டு, இரவு முழுக்கச் சொட்டவிட்டுக் கறுத்த டிகாஷனைத் திரட்டுகிறது. முக்கால் டம்ளர் பாலோடு மல்லுக்கட்டி நிற்க அந்தக் கடுமை வேண்டும். வெற்றிடக் காப்பி அப்படிச் சண்டை போடவென்று பிறந்ததன்று. பாலின்றி, மலைத்தேன் ஒரு துளி விட்டுக் குடித்தால் அதற்கு நிகரில்லை என்பது எம் துணிபு. “தேனா? காப்பியிலயா? இருமலுக்குக் குடுக்கறதுப்பா அது” என்பது அத்தையின் துணிபு. பெரும்பான்மை அவர் பக்கம்.

எஞ்சிய ஆய்வுக்களம் ஒன்று உண்டு: கழுவுதல். குழாயின் உட்புறம், துணியின் மடிப்பு, ரப்பரின் அடி என மூன்றாகப் பகுத்து யாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை குழாயடியிலிருந்து குரல் கொடுத்தார்:

“ஏம்பா, குடிச்சது அரை டம்ளரு. அத்தக் கழுவ ஒரு கொடம் தண்ணியா?”