முள்ளுக்குச் சாட்சி

மகள் கல்லூரிக்குப் போய்வர வாங்கிய ஸ்கூட்டி, அவள் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனபின் தகப்பனாரின் கைக்கு வந்து சேருகிறதே, அந்தச் சுபதினம் முதல் அவர் சாமானிய மனிதரல்லர், விஞ்ஞானி. 88 சி.சி.கூட நிரம்பாத அந்த யந்திரத்தை, அதுவும் பட்டாம்பூச்சிப் படம் ஒட்டிய இளஞ்சிவப்பு ஜீவனை, மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடவைப்பதே தாம் வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதன் பரம பிரயோஜனம் என்று தீர்மானித்துவிடுகிறார். வேரியேட்டரில் கனமான ரோலர்களைப் போடுவது, மறுவாரம் அவற்றைக் கழற்றி இலகுவானவற்றைப் போடுவது, கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை மாற்றுவது, ஏர் பில்டரைப் பரணில் ஏற்றுவது முதலியவற்றை நான் விஸ்தரிக்கப் போவதில்லை. அவையெல்லாம் அவருக்கும் மெக்கானிக்குக்கும் இடையேயான அந்தரங்கம். எனக்குச் சம்பந்தப்பட்டது ஒன்றுதான்: சாட்சி.

தனியே ஓட்டிக் கண்ட வேகம் இவர்களுக்கு வேகமாகாது. பிறத்தியார் கண்ணால் கண்டு ஒப்புக்கொண்டாலொழிய அது சித்தியாவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு, நான் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறக்கும் தருணம் பார்த்து எங்கள் தெருக்காரர் வாசலில் நிற்பார்.

"சார், அஞ்சே நிமிஷம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பின்னாடி உட்கார்ந்து முள்ளை மட்டும் பாருங்க."

விரகனூர் ரிங் ரோட்டில், அவருடைய தோளுக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு, எதிர்காற்றில் கண்ணீர் பெருக, நான் அந்த முள்ளைப் பார்ப்பேன். 60 வரை அது உற்சாகமாக ஏறும். 63-இல், மொய் எழுதும் மேஜைக்கு வந்துவிட்ட கருமியைப் போலத் தயங்கி நின்றுவிடும். வண்டியை ஓரங்கட்டி, என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"சார் என்ன வெயிட் இருப்பீங்க?"

"76 கிலோ."

"அதானே! நேத்து நான் தனியா வந்தப்போ 67 காட்டுச்சே!"

எப்பேர்ப்பட்ட தர்மசங்கடம் பாருங்கள்: நான் ஏறினால் வேகமில்லை, ஏறாவிட்டால் சாட்சியில்லை. கண்ணுள்ள பிராணிக்குக் கனத்தையும் சேர்த்துப் படைத்த பிரம்மாவின் மீதே அவருக்கு மனத்தாங்கல். எதிர்வீட்டு நான்காம் வகுப்புப் பையனைச் சாட்சியாக அமர்த்தப் பிரயத்தனம் செய்து, அவன் தாயாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன்பின் என் பாரத்தைக் குறைப்பதில் முனைந்தார். நான் காபி குடிக்குமுன் அழைத்துப் போவது, செல்போனையும் சாவிக்கொத்தையும் வாங்கி மைல்கல்லின்மேல் வைப்பது, கடைசியில் செருப்பையும் அங்கேயே கழற்றிவிட்டு ஏறச் சொல்வது என்று, கோயிலுக்குள் பிரவேசிக்கும் நியமங்கள் யாவும் எனக்கு விதிக்கப்பட்டன. சமதரையில் உச்ச வேகத்துக்கு முக்கிய விரோதி என் சரீரமன்று, காற்றே என்றும், காற்றைக் கிழிக்க வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடியாகப் பெருகுவதால் 60-ஐ 70 ஆக்குவதற்கே அது ஒன்றரை மடங்குக்கு மேல் தேவை என்றும் ஒருநாள் பொறுமையாக எடுத்துரைத்தேன். சிரத்தையுடன் கேட்டுவிட்டு, "அப்போ கொஞ்சம் குனிஞ்சு உட்காருங்க சார்" என்றார்.

பரிகாசத்தை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இத்தனை மாற்றங்களிலும் அவர் பிரேக்கைத் தொட்டதே இல்லை. மகள் கல்லூரி நாட்களில் போட்ட அதே பிரேக் ஷூதான்; பிடியை அழுத்தினால் வண்டி நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. வேகம் 5 கிலோமீட்டர் கூடியதற்குச் சாட்சி தேடுகிற இந்தக் கூட்டத்தில், வண்டி 5 அடி முன்னதாக நின்றதற்குச் சாட்சி தேடியவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

சென்ற மாதம் முன்டயர் தேய்ந்துபோக, உரிய அளவு கடையில் இல்லாததால் அதைவிடச் சற்றுத் தாழ்ந்த டயரை மாட்டினார்கள். அந்த வண்டியில் வேகமானியின் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், முள்ளும் உள்ளதைக் காட்டிலும் கூட்டியே சொல்லும். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு இது தெரியும். உள்ளே ரோலர்களை நிறுத்துக்கொண்டிருந்த அவருக்குத் தெரியாது.

மறுநாள் பாலத்து இறக்கத்தில் முள் 70-ஐத் தொட்டது. வண்டியை நிறுத்தினார், அதாவது, வண்டி தானாக நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு திரும்பி, "பார்த்தீங்களா சார்?" என்றார். 62 வயது முகத்தில் அந்தக் கணம் நரைத்த மீசையைத் தவிர வயதென்று சொல்ல ஒன்றுமில்லை.

"பார்த்தேன்" என்றேன். அது பொய்ச் சாட்சியன்று. அவர் பார்க்கச் சொன்னது முள்ளைத்தான், வேகத்தையல்ல. மைல்கல்லுக்குத் திரும்பி வந்ததும், அதன் அடியில் கிடந்த என் செருப்பை, முதல் முறையாக, அவரே எடுத்துவந்து என் காலடியில் வைத்தார்.