சுண்டைக்காய் பத்து பவுண்டு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லி வைத்த பாட்டி பந்தயப் பாய்மரப் படகு எதையும் பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருந்தால் சுமைகூலியை முக்காலோடு நிறுத்தியிருப்பாளா?

'எண்டெவர்' 1934ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் பிறந்தவள். கிட்டத்தட்ட 130 அடி நீளம், எஃகு உடம்பு, நீல நிறம். சொந்தக்காரர் தாமஸ் சாப்வித், முதல் உலகப் போரில் பறந்த 'சாப்வித் கேமல்' விமானங்களைச் செய்து விற்ற ஆள். 1851லிருந்து அமெரிக்கர்கள் கையில் இருந்த அமெரிக்கா கோப்பையைப் பிடுங்கி வரத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

கிளம்புகிற நேரத்தில் மாலுமிகள் சம்பளம் கூட்டிக் கேட்டார்கள். அத்தனை விமானம் விற்றவருக்கு அந்தச் சில்லறையைக் கொடுக்க மனசு வரவில்லை. அவர்களை இறக்கிவிட்டு, ஓய்வு நாளில் படகு ஓட்டும் கனவான்களை ஏற்றிக்கொண்டு போனார். அப்படியும் முதல் இரண்டு பந்தயங்களில் ஜெயம். மூன்றாவதிலும் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாள். எதிராளி 'ரெயின்போ'வின் ஹெரால்டு வாண்டர்பில்ட், இனி ஆகாது என்று சுக்கானை ஷெர்மன் ஹாய்ட் கையில் கொடுத்துவிட்டு, காபி குடிக்கக் கீழே இறங்கிவிட்டார். ஹாய்ட் கில்லாடி. படகை வேண்டுமென்றே வேறு திசையில் செலுத்திக் காட்ட, சாப்வித் மறிக்கிறேன் பேர்வழி என்று திரும்பி, காற்றே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான்காவதில், எதிராளி விதியை மீறினார் என்று புகார்க் கொடி ஏற்றினார். நடந்த உடனே ஏற்றவில்லை என்று நடுவர்கள் அதை விசாரிக்கவே மறுத்துவிட்டார்கள். முடிவில் 4–2. கப் அமெரிக்காவிலேயே தங்கியது. காபிக்குக் கோப்பை வாங்கிய ஒரே ஆள் வாண்டர்பில்டாகத்தான் இருப்பார்.

தோற்ற படகை என்ன செய்வது? கௌரவமான வழி ஒன்று இங்கிலாந்திலேயே இருந்தது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், தான் போன பிறகு தன் 'பிரிட்டானியா'வை யாரும் ஓட்டக்கூடாது என்று விரும்பினார். 1936 ஜூலையில் வைட் தீவுக்குப் பக்கத்தில் ஆழக் கடலுக்கு இழுத்துப் போய் மூழ்கடித்தார்கள். உடன்கட்டை ஒழிந்து நூறு வருஷம் ஆன பிறகும் படகுக்கு மட்டும் விதிவிலக்கு!

எண்டெவருக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. 1937ல் அமெரிக்காவிலிருந்து இழுத்து வரும்போது கயிறு அறுந்து காணாமல் போனாள். போய்விட்டாள் என்று ஊரே முடிவு கட்டிய பிறகு, மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட பெண் மாதிரி, தானாக வந்து நின்றாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய இரும்புக்காரர் வாங்கினார். உடைப்பதற்குச் சில மணி நேரம் இருக்கும்போது வேறொருவர் வந்து வாங்கிப் போனார். அப்புறம் 1970களில் கௌஸ் ஊரின் மெடினா ஆற்றில் முங்கிக் கிடந்தாள். அங்கேதான் இரண்டு தச்சர்கள் பத்து பவுண்டு கொடுத்து வாங்கி, ஓட்டைகளில் பிளாஸ்டிக் பையைத் திணித்து மிதக்கவிட்டார்கள்.

இதை வாங்கலாமா, செப்பனிடலாமா என்று கணக்குப் பார்த்த ஒவ்வொருவருக்கும் விடை ஒன்றுதான்: வேண்டாம். அந்தக் கணக்கில் தப்பே இல்லை. அவளோடு பிறந்த ஜே ரகப் படகுகள் மொத்தம் பத்து. அமெரிக்கர்கள் தங்களுடைய ஆறையும் ஒழுங்காகக் கணக்குப் போட்டு இரும்பாகவும் ஈயமாகவும் ஆக்கிவிட்டார்கள். மிஞ்சிய மூன்றும் பிரிட்டிஷ் படகுகள். கணக்கில் வீக்கானவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம் போலிருக்கிறது.

1984ல் வந்த ஆள் மட்டும் அமெரிக்கப் பெண். எலிசபெத் மேயர், படகுப் பத்திரிகைகளைக் கிண்டலடித்துப் புத்தகம் போட்டவர். கிண்டலடித்தவரைத் தெய்வம் சும்மா விடுமா? கால்ஷாட்டில், கைவிட்ட கடல் விமானத் தளம் ஒன்றில் எண்டெவரைப் பார்த்தார். விமானக்காரர் படகு கடைசியில் விமானத் தளத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. சுக்கான் இல்லை, அடியில் கனம் தரும் ஈயம் இல்லை, உள்ளே ஒரு பலகை இல்லை. துருவை நம்பி நின்றது கூடு. மேயர் வாங்கினார்.

நகர்த்தினால் உதிர்ந்துவிடும். அதனால் படகைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமல், படகைச் சுற்றியே பட்டறை கட்டினார்கள். தகடு மாற்றி, கூட்டைத் தேற்றி, பிறகு நெதர்லாந்தின் ஹாய்ஸ்மன் தளத்துக்கு அனுப்பி, பாய்மரத்திலிருந்து படுக்கை வரை எல்லாம் புதிதாகச் செய்தார்கள். ஐந்து வருஷம் ஓடியது. பத்து பவுண்டுச் சுண்டைக்காய்க்குச் சுமைகூலி கோடிகளில் போனது. 1989ல் தண்ணீரில் இறங்கியவள், அதே கோடையில் தோற்ற ஊரான நியூபோர்ட்டுக்கே போய், தன்னைப்போலப் பிழைத்துக்கிடந்த 'ஷாம்ராக் 5' உடன் பந்தயம் ஓடினாள்.

2000ல் டைகோ நிறுவனத்தின் தலைவர் டென்னிஸ் கோஸ்லோவ்ஸ்கி அவளை வாங்கினார். 2005ல் கம்பெனிப் பணத்தைச் சுருட்டியதற்காக அவருக்குச் சிறை. அடுத்த வருஷம் படகு ஒரு கோடி டாலருக்கு மேல் விலை போனது. ஆள் உள்ளே இருந்தார், அவள் மிதந்துகொண்டிருந்தாள்.