கியர் இல்லாத கௌரவம்

மதுரையைச் சுற்றி மலைகளுக்குப் பஞ்சமில்லை: யானைமலை, நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம். ஆனால் நம் ரோடுகள் விவரமானவை. மலையில் ஏறாமல் பக்கத்தில் ஒதுங்கிப் போய்விடும். கோரிப்பாளையம் பக்கமிருந்து வைகையைத் தாண்ட 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலமும் மூச்சு வாங்க வைக்கிற ஏற்றமில்லை. இந்த ஊரில் ஆபீஸ் போக 21 கியர் சைக்கிள் வாங்கிய நண்பர், ஞானம் பிறந்து அதைத் தள்ளிவிட்டு, 'சிங்கிள் ஸ்பீடு' வாங்கினார்.

விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எதுவும் கிடையாது. "எடை குறையும்" என்றார். பர்ஸின் எடையைச் சொல்கிறார் போல.

பிறகு தொடங்கியது மேம்பாடு. மழைச் சகதி முதுகில் கோலம் போட்டதும் மட்கார்டு. டிபன் பாக்ஸுக்குக் கேரியர். வேட்டி செயினில் சிக்கிய மறுநாள் செயின் கவர். கீழமாசி வீதிக் கூட்டத்துக்கு மணி. கடைசியாக, முன்னால் 44 பல் அப்படியே இருக்க, பின்னால் 18 பல்லை 20 ஆக்கினார். மிதி லேசானது, வேகம் குறைந்தது. அந்த வீதியில் வேகம் யாருக்கு வேண்டும்?

எல்லாம் மாட்டி முடித்த அன்று தெருமுனை சைக்கிள் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கவர்மெண்ட்டுல சும்மா குடுக்குற சைக்கிள் மாதிரியே இருக்கு?"